கூப்பிட்டது என்னை, எழுந்தது அவள்

அந்த மனிதர் என் முன்னால் வந்து நின்று மேளத்தை அடித்தார்.

என் மடியில் இரண்டு பிள்ளைகள். இடது தொடையில் வாணி, வலது தொடையில் வேணி. இருவருக்கும் ஒரே துணியில் தைத்த மஞ்சள் சட்டை. அவர் குனிந்து பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அடித்தார். கீழே, மேலே, கீழே, நடுவே, கீழே. ஐந்து அடி. அவ்வளவுதான்.

நான் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது? சிட்னியில், லிட்கம்மில் ஒரு தேவாலயத்து மண்டபம். சனிக்கிழமை மத்தியானம். சுற்றிவர நைஜீரியர்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரர் நேரே முகத்துக்கு முன்னால் வந்து ஊதினால் எப்படி முழிப்போம், அப்படி முழித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் விடுவதாக இல்லை. அதே ஐந்து அடி. பின்னால் யாரோ கைதட்டினார்கள். எழும்பு எழும்பு என்று ஒருவர் சைகை காட்டினார். சேலையும் மடியில் இரண்டு பிள்ளைகளுமாக நான் எங்கே எழும்புவது, எழும்பி என்ன செய்வது?

அப்போதுதான் மண்டபத்துக் குசினிப் பக்கம் தட்டு ஒன்று விழுந்தது.

அந்தத் தட்டை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று சொல்லுமுன் ரொன்கேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் அடைந்த அதிர்ச்சி உங்களுக்கு விளங்காது.

இது என் நாள்

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், அந்தக் காலத்து சிட்னியில் பேச்சுத்துணைக்கு யார் இருந்தார்கள் என்று. நல்ல கேள்வி. இன்றைக்குப் பென்டில் ஹில்லில் இறங்கி நடந்தால், முருங்கைக்காய் வாங்கப் போனவள் நாலு குடும்பத்துக் கதையோடு வீடு திரும்பலாம். எழுபதுகளில் ஹோம்புஷ்ஷில் என் காதில் விழுந்த ஒரே தமிழ்க் குரல் இவருடையது. அதுவும் காலையில் போனால் மாலையில்தான் திரும்பக் கேட்கும்.

இவர் என்றால் என் கணவர். தொடரைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து என்னைக் கூட்டிவந்தவர். நகரத்தில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை. மிருதங்கத்தில் அரைவாசி வித்துவான். மிச்ச அரைவாசியைச் சாப்பாட்டு மேசையில் தட்டித் தீர்த்துக்கொள்வார்.

நாங்கள் இருந்தது ஒரு செங்கல் மாடிக் கட்டடம். பின்வளவில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி, விரித்த குடை மாதிரிக் காற்றில் சுற்றும். வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாள் என்று முறை. ஒரு பிள்ளை என்றால் சமாளிக்கலாம். எனக்கோ இரண்டு. துணி நாப்கின் காலம் வேறு. குளியலறை, குசினி, கதிரை முதுகு என்று திரும்பிய இடமெல்லாம் நாப்கின் தொங்கும். வீட்டுக்கு யாரும் வராதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

ஒருநாள் பொறுமை போய், என் நாள் இல்லாத நாளில் துணியைக் காயப்போட்டுவிட்டேன். பின்னால் ஒரு குரல், "இது என் நாள்."

திரும்பினேன். நல்ல உயரமான பெண். எங்களை விடவும் நல்ல கறுப்பு, அழகான கறுப்பு. தலையில் நீலத் துணியை எடுப்பாகக் கட்டியிருந்தாள். இடுப்பில் துணிக்கூடை. நான் சண்டைக்கு ஆயத்தமானேன். அவள் கொடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒரு பிள்ளைக்கா?"

"இரண்டு. ஒரே நாளில் பிறந்தவை."

அவள் கூடையைத் தூக்கி மறு இடுப்பில் வைத்தாள். "இனிமேல் என் நாளும் உன்னுடையது," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அவள்தான் ரொன்கே. நைஜீரியாவில் இபாடான் என்ற பெரிய ஊர்க்காரி. யொரூபா அவளுடைய மொழி. கணவர் பாயோ பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. "முதலில் படிப்பு, மற்றதெல்லாம் பிறகு," என்று பாயோ சிரித்துக்கொண்டு சொல்வார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம்தான். இங்கே என் தமிழில் தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கொடியில் தொடங்கிய சிநேகிதம் மிளகாய்த்தூளில் வளர்ந்தது. உறைப்பில் அவள் எங்களையும் மிஞ்சியவள். வெண்டைக்காய் கிடைத்தால் எனக்குப் பாதி கொண்டுவருவாள். கீழ்வீட்டு வெள்ளைக்கார அம்மா எங்கள் இருவரையும் சகோதரிகள் என்று நினைத்து, "உன் அக்கா எங்கே?" என்று என்னைக் கேட்பார். நாங்கள் திருத்தவில்லை. படியில் ஏறிய பிறகு இருவருமாகச் சிரிப்போம்.

ஈரமில்லாத கை

இப்படி ஒட்டிக்கொண்டவள் ஒன்றை மட்டும் செய்யமாட்டாள். என் பிள்ளைகளைத் தொடமாட்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன். தொட்டில் இருக்கும் அறைக்குள் வரமாட்டாள். வாசலோடு நின்று பேசுவாள். பிள்ளை அழுதால், "அழுகிறது," என்று எனக்குச் சொல்வாள், எடுக்கமாட்டாள். உங்கள் ஊரில் இரட்டைப்பிள்ளைகள் பிறப்பதுண்டா என்று ஒருமுறை கேட்டேன். "நிறைய," என்றாள். அவ்வளவுதான். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழும்பிப் போய்விட்டாள்.

ஒருநாள் எனக்குக் கடும் காய்ச்சல். இவர் வேலைக்குப் போய்விட்டார். ரொன்கே வந்து சூப் வைத்தாள், தரை துடைத்தாள், அத்தனை நாப்கினையும் துவைத்துப் போட்டாள். பெற்ற தாய் வந்திருந்தாலும் அவ்வளவு செய்திருக்கமாட்டாள். வேணி வீறிட்டு அழுதது. எனக்கு எழும்ப முடியவில்லை. "ஒரு நிமிஷம் இவளைத் தூக்கு," என்றேன்.

அவள் ஓர் அடி பின்னால் போனாள். "கை ஈரம்," என்றாள்.

கை ஈரமாக இல்லை. எனக்குக் கண் தெரிந்தது.

அன்று மாலை இவரிடம் சொல்லி அழுதேன். இவர் ஆறுதலாக ஒன்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கேயோ பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டார்.

"ஆபிரிக்காவிலை சில இடங்களிலை இரட்டைப்பிள்ளை ஆகாதாம். அபசகுனம் எண்டு நினைக்கிறவையாம்."

"என்ரை பிள்ளையளோ அபசகுனம்?"

"நான் சொல்லேல்லையப்பா. பேப்பரிலை கிடந்தது."

எனக்கு நெஞ்சு கொதித்தது. ஊரில் இருந்து இவ்வளவு தூரம் வந்து, யாருமில்லாத இடத்தில் ஒரு சிநேகிதி கிடைத்தாள், அவளும் என் பிள்ளைகளைத் தீட்டு மாதிரிப் பார்க்கிறாள். அவளை விட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது. விடாமல் இருந்தால் என் பிள்ளைகளுக்கு நான் என்ன தாய்?

அந்தச் சமயத்தில்தான் பாயோ விருந்துக்குக் கூப்பிட்டார். அவர்களுடைய ஊர் மாணவன் ஒருவன் மிருக வைத்தியம் படித்து முடித்துவிட்டு ஊர் திரும்புகிறானாம். எல்லோரும் சேர்ந்து வழியனுப்புகிறார்களாம். போவது, மரியாதைக்குச் சாப்பிடுவது, அதோடு இந்தச் சிநேகிதத்தை முடித்துக்கொள்வது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டேன். பிள்ளைகள் இரண்டுக்கும் வேண்டுமென்றே ஒரே மாதிரிச் சட்டை போட்டேன். இரட்டை என்று தூரத்திலேயே தெரியட்டும், முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும் என்ற வீம்பு.

கணக்கு வராத மேளம்

மேளக்காரர் மெல்பேர்னில் இருந்து ரயிலில் வந்திருந்தார். பேர் அயான்துண்டே. பேரிலேயே தொழில் இருக்கிறதாம். 'அயான்' என்று பேர் தொடங்கினால் அது பரம்பரையாக மேளம் அடிக்கும் குடும்பம் என்றார்கள். பகலில் கார்த் தொழிற்சாலையில் வேலை, மாலையில் கணக்கியல் வகுப்பு. சிட்னியில் அவருக்கு ஊர் திரும்பும் பையனைத் தவிர யாரையும் தெரியாது.

மேளத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் உடுக்குதான் ஞாபகம் வந்தது. அதே இடை சிறுத்த உருவம். ஆனால் உடுக்கை விடப் பெரிது. இரண்டு வாய்க்கும் இடையே நிறையத் தோல் வார் இழுத்துக் கட்டியிருந்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டு, வளைந்த குச்சியால் அடிப்பார். கையால் இறுக்கினால் சத்தம் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும்.

இவர் உடனே தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது.

"உவர் என்னத்தை அடிக்கிறார்? ஆதியுமில்லை, ரூபகமுமில்லை. நினைச்ச இடத்திலை நிப்பாட்டுறார்."

"பேசாமல் இருங்கோ."

"கணக்கு வருகுதில்லையப்பா."

எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த மாணவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இவருடைய தொடை படும் பாடு தெரிந்தது. சிரித்தார். "தாளம் தேடாதீர்கள். அது பேசுகிறது," என்றார்.

எங்கள் ஊரிலும் நல்ல மிருதங்கத்தைப் பேசுகிறது என்றுதான் சொல்வோம். இவர் அதைச் சொன்னார். அந்த மாணவர் தலையை ஆட்டினார். "அப்படி இல்லை. உண்மையாகவே பேசுகிறது. யொரூபா மொழியில் சொல் மேலே போகும், நடுவில் நிற்கும், கீழே வரும். மேளமும் அப்படியே போகும். அவர்களுக்கு அது வசனம்."

"என்ன வசனம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இக்போ. என் மொழி வேறு. எங்கள் பக்கத்தில் புல்லாங்குழல் பேசும். இந்த மேளத்துக்கு முன்னால் நானும் உங்களைப் போல் செவிடுதான்."

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த நாட்டில் பெரிய உள்நாட்டுச் சண்டை நடந்து, அந்த மாணவருடைய பக்கத்தில் பட்டினியால் பிள்ளைகள் செத்ததைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருந்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேளத்தைப் பார்த்துக்கொண்டு, காலை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேளக்காரர் முதலில் போனது மிருக வைத்தியம் படித்த பையனிடம். அவன் கோட்டும் டையுமாக இருந்தான். பேசினால் வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். வகுப்பில் அவனுடைய பேரைச் சொல்லத் தெரியாமல் எல்லோரும் 'சாம்' என்று வைத்திருந்தார்களாம். மேளம் அவனுக்கு முன்னால் நீளமாக எதையோ சொல்லிக்கொண்டே போனது. அவன் முகம் கோணியது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்தான். முழங்காலை மடித்து, தோளைக் குலுக்கி ஆடத் தொடங்கினான். ஆட்கள் வந்து அவன் நெற்றியிலும் மேளக்காரர் நெற்றியிலும் காசுத்தாளை வியர்வையில் ஒட்டினார்கள். எனக்கு வாய் பிளந்துவிட்டது.

ஆடி முடித்து வந்தவனை இவர் கேட்டார், மேளம் என்ன சொன்னது என்று.

"என் தகப்பன் பேர், பாட்டன் பேர், அவர்கள் எந்த ஊர், என்ன செய்தார்கள், எல்லாம்," என்றான். கண் கலங்கியிருந்தது. "இந்த நாட்டுக்கு வந்த பிறகு இன்றைக்குத்தான் என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்."

அதற்குப் பிறகு மேளம் ஒவ்வொருவராக வந்தது. கூப்பிடப்பட்டவர் எழும்பினார், ஆடினார். கடைசியில் என்னிடம் வந்தது. மிச்சத்தைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

கலை வந்தது என்று நினைத்தோம்

தட்டு விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். குசினி வாசலில் ரொன்கே. பொரித்த மாவுருண்டைகள் அவளுடைய காலடியில் உருண்டு போகின்றன. அவள் குனிந்து பார்க்கவில்லை.

மேளக்காரர் என்னைப் பார்த்தபடியே திரும்பவும் அந்த ஐந்து அடியை அடித்தார். ரொன்கே நடந்து வந்தாள். நடை இல்லை அது, ஆட்டம். முதுகை வளைத்து, பாதத்தைத் தரையில் தேய்த்து, தலையைத் தாழ்த்தி வந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய், அங்கே இல்லாத எதையோ தாங்கிப் பிடித்திருந்தன. கண்ணில் இருந்து தண்ணீர் ஓடியது.



உடுக்குச் சத்தத்துக்கு ஒரு பெண் கண்ணீரோடு ஆடி வந்தால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? நானும் அதையே நினைத்தேன். சின்ன வயதில் காளி கோயிலில் சாமி ஏறிய ஒரு பெண் இப்படித்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "வந்திருக்கிறது ஆர்?" என்று பூசாரி கேட்டதும், சனம் எல்லாம் கைகூப்பி நின்றதும் எனக்கு நல்ல ஞாபகம்.

இவர் என் காதருகே குனிந்தார்.  "கலை வந்திட்டுது போலை. பிள்ளையளை இறுக்கிப் பிடியும்."

சொல்லிவிட்டு நாப்கின் பைக்குள் கையை விட்டார். வெளியே எங்கே போனாலும் நான் அதில் ஒரு காகிதச் சரையில் திருநீறு மடித்து வைத்திருப்பேன். அதை எடுத்துப் பிரித்துக்கொண்டு, இந்த மனிதர், கூட்டத்தில் நாலு வார்த்தை பேசக் கூச்சப்படுகிற மனிதர், ஒரு தேவாலயத்து மண்டபத்தின் நடுவில் எழும்பி ரொன்கேயின் நெற்றியில் திருநீறு பூசப் போனார்.

பாயோ குறுக்கே வந்து இவருடைய கையைப் பிடித்தார். கோபமாக இல்லை. மெதுவாகத்தான்.

"அவளுக்கு ஒன்றுமில்லை," என்றார். "கூப்பிட்டார்கள், வந்திருக்கிறாள்."

"அவர் கூப்பிட்டது ரொன்கேயை இல்லையே," என்று இவர் என்னைக் காட்டினார்.

"ஆமாம். உங்கள் மனைவியைத்தான் கூப்பிட்டான். இயா இபெஜி. இரட்டைப்பிள்ளைகளின் தாய். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பேர் கிடையாது. கடவுள் வீடு தேடி வந்த மாதிரி. அவளுக்குத் தெருவில் வழிவிடுவார்கள். மேளம் அவளைக் கூப்பிட்டால் அவள் எழும்பி ஆடவேண்டும்."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்களுக்கும் இரண்டு இருந்தார்கள்," என்றார்.

 அபசகுனம் என்று பத்திரிகையில் படித்ததை எனக்குச் சொன்னவர் திருநீற்றுச் சரையோடு அப்படியே நின்றார்.

நடக்கத் தொடங்கிய வயதாம். சின்னமுத்து என்று நாங்கள் சொல்லும் அம்மை நோய். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் போய்விட்டார்களாம். "அங்கே இருந்தால் எங்கே போனாலும் அவளை அந்தப் பேரால்தான் கூப்பிடுவார்கள். சந்தையில், கோயிலில், தெருவில். பிள்ளைகள் போனாலும் அந்தப் பேர் போகாது. மேளம் அவளைக் கண்டால் விடாது. அதனால்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். இங்கே ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் கூப்பிடமாட்டார்கள், மெல்ல மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்."

இங்கே இருந்த யொரூபாக்காரர்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அவர்களும் அன்றுதான் அறிந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவர் மேளக்காரரின் காதில் சொன்னார். அயான்துண்டே அடிப்பதை நிறுத்தினார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். மேளம் அக்குளில் இருந்தபடியே, அந்தப் பெரிய உடம்போடு ரொன்கேயின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எங்கள் கோயிலில் சாமிக்கு முன்னால் மட்டும் அப்படி விழுந்து பார்த்திருக்கிறேன். 

ரொன்கே அவரை எழுப்பினாள். யொரூபாவில் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள், "நிறுத்தாதே" என்றாளாம்.

அவர் திரும்பவும் அடித்தார். இந்த முறை அவளைப் பார்த்து. பாயோ சட்டைப்பையில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். போய், ஆடிக்கொண்டிருந்த மனைவியின் நெற்றியில் ஒட்டினார். அவருடைய கை நெற்றியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

வரும்போதே கொண்டுவந்த பேர்

ஆடி முடித்து ரொன்கே நேரே என்னிடம் வந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. துடைக்கவில்லை.

"நீ ஏன் எழும்பவில்லை?"

"என்னைக் கூப்பிட்டது என்றே தெரியாது."

"உன்னைத்தான் கூப்பிட்டான். நான் உள்ளே தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றேன். இந்த ஊருக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கேட்டதும் கால் தானாக வந்துவிட்டது. வந்து பார்த்தால் நீ இருக்கிறாய், மடியில் இரண்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய பொருளை என் வீட்டில் வைத்துக்கொண்டு, அது என்னவென்றே தெரியாமல் இருந்தவள்போல் இருந்தது. 

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "தா."

அதுவரை தொட்டிலுக்குப் பக்கத்தில் வராதவள். நான் வேணியைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிய விதத்திலேயே தெரிந்தது, பிள்ளை வளர்த்த கை. தோளில் சாய்த்து, ஒரு கையால் பிடரியைத் தாங்கி, இடுப்பை லேசாக ஆட்டினாள். வேணி அவளுடைய கழுத்து மணிமாலையை வாயில் வைத்துக்கொண்டது.

"இவள்தான் மூத்தவள்," என்றாள்.

"இல்லை. வாணிதான் முதலில் பிறந்தது."

"அதனால்தான் அவள் இளையவள். மூத்தவள் உள்ளே இருந்துகொண்டு தங்கையை அனுப்புவாள். போய்ப் பார், உலகம் நல்லதா என்று. அவள் வந்து அழுது காட்டின பிறகுதான் மூத்தவள் வருவாள். முதலில் வந்தவள் தாயிவோ. பின்னால் வந்தவள் கெஹிண்டே."

"நாங்கள் வாணி, வேணி என்று பேர் வைத்துவிட்டோம்."

"அது நீங்கள் வைத்தது. இது அவர்கள் வரும்போதே கொண்டுவந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டில் இரட்டை பிறந்தாலும் இந்த இரண்டு பேரும்தான்."

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "அப்படியென்றால் உன் பிள்ளைகளுக்கு?"

"தாயிவோ. கெஹிண்டே," என்றாள்.

 செத்துப்போன பிள்ளைகளின் பேர். அந்தப் பேரைச் சொல்லி என் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். எங்கள் ஆட்களிடம் சொல்லிப்பாருங்கள், பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடிவருவார்கள். நான் படித்தவள், விஞ்ஞானம் தெரிந்தவள் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு உதவவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

இவர் பின்னால் நின்று தமிழில் சொன்னார். "பிள்ளையை வாங்கும்."

என் கை தானாக நீண்டது.

ரொன்கேக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய கை தெரியும். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இதை எதிர்பார்த்தவள் போலவே இருந்தாள். வேணியைத் தோளில் இருந்து எடுத்து, மணிமாலையை வாயில் இருந்து மெதுவாக இழுத்துவிட்டு, எனக்கு நேரே நீட்டினாள்.

"ஒரே ஒரு முறை," என்றாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கெஹிண்டே."

கூப்பிட்டுவிட்டுக் காத்து நின்றாள். பிள்ளைக்குப் பேச்சு வராத வயது. மேளம் நின்றிருந்தது.  அவள் மட்டும், பதில் வரும் என்று நினைப்பவள்போல், வேணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"ஓம்," என்றேன். "இஞ்சை நிக்கிறா."